கழிந்த மணிகள்: 'ரோமானியச் சிதிலம்' பார்ப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

அரிக்கமேட்டில் இன்று தரைக்கு மேலே நிற்கிற செங்கற்சுவர் ரோமானியர்கள் கட்டியதல்ல. 1770களின் தொடக்கத்தில் அங்கே எழுந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமடம் ஒன்றின் மிச்சம் அது. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்து கண்ட கிடங்கும் செங்கல் தொட்டிகளும் அளக்கப்பட்டு, வரையப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, மறுபடி மண்ணுக்குள் போய்விட்டன. ஆக, ரோமானியச் சிதிலம் பார்க்க வருகிறவர்களின் கண்முன்னால் நிற்பது 250 வருஷத்துக்கு முந்தின பிரெஞ்சுச் சிதிலம்தான். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதைச் சுற்றுலாக்காரர்களின் அறியாமை என்று சிரித்துத் தள்ளிவிட முடியாது. சிதிலம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது நமக்கு ஏற்கெனவே கற்பிக்கப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் ரோமாபுரியின் கொலோசியம் இருக்கிறது. தூணும் வளைவும் இருக்கின்றன. அந்தப் படத்தை மனதில் சுமந்துகொண்டு போகிற கண், நிற்கிற சுவரைத்தான் தேடும். மண்ணோடு மண்ணாய்க் கிடக்கிற கல்துண்டை மிதித்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்க்கும்.

இக்கட்டுரை சொல்ல முயல்வது இதுதான். நம் மண்ணில் ரோம் விட்டுப்போனது ஒரு வியாபாரத்தின் தடயம். அந்தத் தடயத்தில் வாங்கியவன் பக்கம் எழுத்தாகவும் நாணயமாகவும் விலையாகவும் மிஞ்சியிருக்கிறது. செய்தவன் பக்கம் கழிவாக மிஞ்சியிருக்கிறது. அந்தக் கழிவை ஒரு பிரதியாக வாசிக்கப் பழகாதவரை, நாம் வாங்கியவனின் வரலாற்றையே நம்முடைய வரலாறு என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

2

சோமனூரில் கூலிக்கு நெசவு செய்கிற விசைத்தறிக் குடும்பம் எங்களுடையது. ஜவுளிக்காரர் பாவும் ஊடை நூலும் தருவார்; நாங்கள் காடாத் துணியாக நெய்து திருப்பித் தருவோம்; மீட்டர் கணக்கில் கூலி. 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. ஏப்ரலில்தான் மறுபடி ஓடின. 2022 தொடக்கத்திலும் இதே மாதிரி வாரக்கணக்கில் ஊர் சத்தமில்லாமல் கிடந்தது. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்பதைத் தறிக்காரர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தறி ஓட ஆரம்பித்த பிறகு, மே மாத விடுமுறையில் ஆறாவது முடித்த மகள் நச்சரிக்கத் தொடங்கினாள். "ஏம்ப்பா, பாண்டிச்சேரிக்குப் பக்கத்துல ரோமானியங்க ஊரு இருக்குதாமா. புக்குல போட்டிருக்குது. போலாமா?" அம்மாவுக்கு இஷ்டமில்லை. "இப்பத்தான் நாலு காசு கண்ணுல தெரியுது. அதுக்குள்ள ஊரு சுத்தறதுக்கு என்றா அவசரம்?" என்றாள். ஆனால் புறப்படுகிற அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறிக் கட்டியவளும் அவள்தான். அம்மா, நான், மனைவி, மகள் என்று நாலு பேர் போனோம்.

மாந்தோப்பு, ஆற்றோரம், தொல்லியல் துறைப் பலகை, மரவேர் பிளந்துகொண்டிருக்கிற செங்கற்சுவர். மகள் ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் நின்று, படம் எடுக்கச் சொன்னாள். அம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்றா, நம்ம ஊருப் பழைய தறிக்குடோனாட்டம் இருக்குது" என்றாள். அந்தச் சுவர் பிரெஞ்சுக்காரர்களுடையது என்று சொன்னதும் மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப ரோமானியங்க கட்டுனது எங்கப்பா?"

"எல்லாம் மண்ணுக்குள்ள, கண்ணு."

"மண்ணுக்குள்ள என்ன இருக்குது?"

"தொட்டி இருக்குது. துணிக்குச் சாயம் போடற தொட்டின்னு வீலர்ங்கறவரு சொன்னாரு."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சாயத்தொட்டியா? அதைப் பாக்கறக்கா இத்தனை தொலவு வந்தோம்? திருப்பூருல பாக்காத சாயத்தொட்டியா?" மனைவி சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தத் தொட்டியில வேலை செஞ்சவங்க ரோமானியங்களா, நம்மாளுங்களா?"

3

அந்தக் கேள்விக்குத் தொல்லியல் துறை வந்துசேர நாளாயிற்று.

அரிக்கமேடு கவனத்துக்கு வந்த கதையே சிறுபிள்ளைகளோடுதான் தொடங்குகிறது. 1930களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், மேட்டில் விளையாடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பிள்ளைகளிடம் மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். மேட்டிலேயே பொறுக்கவும் செய்தார். அப்படிக் கிடைத்தவற்றில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த தலையை அவர் அகஸ்டஸ் சீசர் என்று அடையாளம் கண்டார். அந்தப் பிள்ளைகள் 'உள்ளூர்ப் பிள்ளைகள்' ஆகவே தங்கிவிட்டார்கள். கல்லில் இருந்தவருக்குப் பெயர் கிடைத்தது. அரிக்கமேட்டின் நவீன வரலாறு முழுக்க இந்த ஒரு கொடுக்கல் வாங்கலின் நிழலில் எழுதப்பட்டது என்றே சொல்லலாம்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த வீலர், மதராஸ் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஜாடித் துண்டு ஒன்றைக் கண்டு, அது மத்தியதரைக் கடலோரத்து மதுச்சாடி என்று அடையாளம் கண்டுகொண்டார். அடுத்த வருஷமே அகழாய்வு. இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்பு மெருகுப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாத்திரம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஆகவே அதனோடு கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கிடைத்தது. நாள் தேதி தெரியாமல் கிடந்த தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதன்முதலாக ஒரு கடிகாரம் அகப்பட்டது. இந்தச் சாதனையை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் காலத்தைக் குறிக்க உதவிய பாத்திரம், கொஞ்ச நாளில் இடத்துக்கே உடைமையாளனாகிவிட்டது. வீலர் அரிக்கமேட்டை 'இந்திய-ரோமானிய வணிகத் தலம்' என்றார். அந்தச் சொல்லாடல் பாடப்புத்தகங்களில் இறங்கி, 'இந்திய' உதிர்ந்து, 'ரோமானியர் ஊர்' ஆகி, சோமனூரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை வரைக்கும் வந்து சேர்ந்தது. 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார். 1983இல் விமலா பெக்லே எழுதிய மறுபரிசீலனையும், 1989 முதல் 1992 வரை அவர் தலைமையில் நடந்த அகழாய்வும்தான் படத்தைத் திருப்பிப்போட்டன. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்னமே அங்கே ஊர் இருந்தது. ரோமானியத் தாக்கம் என்று கருதப்பட்ட உருள்கோட்டுப் பானை இந்தியாவிலேயே செய்யப்பட்டது. அங்கே கண்ணாடி மணிகள் செய்யும் பட்டறைகள் நடந்தன. அதாவது, ரோம் அங்கே வாங்க வந்தது.

மறுகரையிலிருந்து பார்த்தால் பெயரிடுதலின் அரசியல் இன்னும் துலக்கமாகத் தெரியும். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ்-பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. 'பானை ஒறி' என்று படிக்கப்பட்ட இன்னொரு ஓடு 2007இல் செய்தியாயிற்று. பெரனிகே துறைமுகத்தில் இந்தியச் சாடி நிறைய மிளகு கிடைத்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு குசேரை 'எகிப்திய-தமிழ் வணிகத் தலம்' என்று யாராவது எழுதியதுண்டா? பானையில் பேர் எழுதிய சாதன் அங்கே விருந்தாளி. ஜாடியைக் கொண்டுவந்த ரோமானியன் இங்கே ஊருக்குச் சொந்தக்காரன். இரண்டு கரையிலும் ஒரே வகைச் சான்று. வாசிப்புதான் வேறு.

4

கொங்குநாட்டில் ரோமானியச் சுவர் ஒன்றுகூடக் கிடையாது. இங்கே இருப்பது காசு. முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே கரூர் நோக்கிப் போன வழி, நொய்யல் ஆற்றை ஒட்டியே போகிறது. அந்த வழியில் உள்ள வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 522 வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. பிறகு 1891இலும் 1931இலும் அதே ஊரில் மறுபடி கிடைத்தன. கத்தாங்கண்ணியில் 1913இல் இன்னொரு புதையல். பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்கள் அச்சடித்த தெனாரியஸ் காசுகள். அந்த வெள்ளலூர் இன்று கோவை மாநகராட்சியின் குப்பைக் கிடங்குக்காகப் பேர் பெற்ற ஊர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

கி.பி. 22இல் திபேரியஸ் ரோம் செனட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றை டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் அணியும் கற்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறதே என்ற அங்கலாய்ப்பு அதில் உண்டு. அங்கலாய்த்தவரின் தலை பொறித்த காசுதான் நொய்யல் கரைப் பானைகளில் கிடந்தது! அரை நூற்றாண்டு கழித்துப் பிளினி கணக்கே போட்டார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது. அங்கிருந்து வருகிற சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது. நம் ஆட்கள் இந்த முதல் பாதியை மட்டும் மேடைதோறும் பெருமையாகச் சொல்வார்கள். நூறு மடங்கு என்ற இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். மீட்டர் கூலிக்கு நெய்கிறவனுக்கு அந்த இரண்டாம் பாதிதான் முதலில் காதில் விழும்.

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. முசிறிக்குப் போய் வந்த சரக்கின் பேரில் வாங்கிய கடனுக்கான ஒப்பந்தம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ் என்று அதன் மறுபக்கக் கணக்கிலிருந்து தெரிகிறது. அரசுக்குச் சுங்கம் நாலில் ஒரு பங்கு. கடன் கொடுத்தவன் உரிமை, பாதுகாப்பு, ஒட்டகச் சுமை, ஆற்றுப் படகு, பூட்டி முத்திரையிட வேண்டிய கிடங்கு எல்லாம் அதில் வருகின்றன. வராதது ஒன்றே ஒன்று. சரக்கைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது என்பது.

இதைத் தற்செயலான விடுபடல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு என்பது யார் யாருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கிடையில் எழுதப்படுவது. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே எழுத்து வேண்டும். அரசுக்கும் வணிகனுக்கும் இடையே எழுத்து வேண்டும். கூலிக்காரனுக்குப் பொறுப்புச் சொல்ல யாரும் கடமைப்படாத இடத்தில் எழுத்துக்கு வேலையில்லை. சோமனூரில் கூலி ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்டும், எழுதியதை நடைமுறைப்படுத்தச் சொல்லியும் தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்களே, அந்தப் போராட்டத்தின் சாரமும் இதுதான்: எங்களையும் கணக்கில் எழுது.

ஓர் ஒப்புமை. மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டக் கூலிக்காரர்கள் கதை இருக்கிறது. அங்கே பேசி முடித்த ஒருநாள் கூலி ஒரு தெனாரியஸ். பாலஸ்தீனத்துக் கூலியாளின் நாட்கணக்கில் பார்த்தால், வெள்ளலூர்ப் பானையில் கிடந்தது 522 நாள் உழைப்பு. கொங்கு நாட்டுக் கல் உரசியவரின் நாட்கணக்கில் அது எத்தனை ஆயிரம் நாள்? அந்தக் கதையில் நாள் முழுக்க உழைத்த கூலிக்காரர்கள், கடைசியில் வந்தவர்களுக்கும் எங்களுக்குச் சமமான கூலியா என்று முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பு எழுத்தில் ஏறிவிட்டது. நம்முடைய முணுமுணுப்பு ஏறவில்லை.

5

அரிக்கமேட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமணலுக்குப் போனோம். சோமனூரிலிருந்து திருப்பூர் தாண்டி, நொய்யல் ஓடுகிற திசையிலேயே கிழக்கே போனால் சென்னிமலைக்கு மேற்கே ஆற்றின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் இருமுறை, கபிலர் பாட்டிலும் அரிசில்கிழார் பாட்டிலும், 'கொடுமணம்' என்று பேர் வருகிற ஊர். 1985 தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலானோரைக் கொண்டு அகழ்ந்தது. பின்னால் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிப் பட்டறைகள், நூல் நூற்கும் தக்களிகள், நூற்றுக்கணக்கான தமிழ்-பிராமி எழுத்துப் பானையோடுகள் கிடைத்த இடம் அது.

பார்க்க என்ன இருக்கிறது என்றால் ஒன்றுமில்லை. காடு, முள், ஈமக்கல் வட்டங்கள். அம்மா, "இங்க சுவருகூட இல்லையே அம்மிணி" என்று பேத்தியைச் சீண்டினாள். "இருக்கட்டும் ஆத்தா, இங்கதான் வேலை செஞ்சாங்களாமா" என்றாள் அவள்.

கொடுமணலில் கிடைத்த மணிகளின் தன்மையை நிதானமாக யோசிக்க வேண்டும். படிகம், சூதுபவளம், நீலக்கல், பெரில் ஆகிய கற்களின் மூலக்கட்டிகள், சில்லுகள், பாதி தேய்த்தவை, துளை போடாதவை, முடித்தவை என்று எல்லா நிலையிலும் அங்கே கிடைத்தன. பட்டறை என்று ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்ல முடிந்ததே முடியாத மணிகளை வைத்துத்தான். பெரில் கல்லுக்குப் பக்கத்திலேயே காங்கேயம் வட்டாரத்துப் படியூர் இருக்கிறது. 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர்கூட அங்கே கல் எடுத்தார். பெரில் இந்தியாவிலிருந்து வருவது, வேறெங்கும் அரிது என்று பிளினி எழுதினார்.

நன்றாக வந்த மணி விற்றுப்போயிற்று. அது எந்த ரோமானியப் பெண் கழுத்துக்குப் போயிற்றோ, அங்கே 'ரோமானிய நகை' என்று பேர் மாறிற்று. துளை போடும்போது பிளந்ததும் பாதியில் விட்டதும் செய்தவர் காலடியிலேயே கிடந்தன. ஆகவே செய்தவரின் வரலாற்றுக்கு நமக்கு மிஞ்சியிருக்கிற ஆவணம் அவருடைய கழிவு மட்டும்தான். அவர் திறமை ஏற்றுமதியாகிவிட்டது. அவர் பிழை இங்கே இருக்கிறது.

இதைத் தறிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்ல துணி எங்கே போகிறது, எந்தப் பேரில் விற்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. இழை அறுந்து, ஊடை விட்டுப்போன துணி மட்டும் 'டேமேஜ்' என்று எங்களிடமே திரும்பி வரும், கூலியில் பிடித்தமாக. தறி நடத்துகிறவனின் நோட்டைப் பார்த்தால் அவன் நெய்த லட்சம் மீட்டர் ஒரே வரியில் இருக்கும். டேமேஜ்தான் பக்கம் பக்கமாக இருக்கும்.

ஆனால் இதை 'ரோமானியன் சுரண்டினான், தமிழன் ஏமாந்தான்' என்று சுருக்கிவிடவும் கூடாது. கொடுமணல் ஈமக்குழி ஒன்றில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அத்தனை மணியோடு புதைக்கப்பட்டவர் அவற்றைத் தேய்த்தவராக இருந்திருக்க முடியாது. 'நிகம' என்று பொறித்த ஓடும் அங்கே கிடைத்திருக்கிறது. அது வணிகக் குழுவைக் குறிக்கும் சொல். வாங்கியவன் கடலுக்கு அப்பால் மட்டும் இருக்கவில்லை, உள்ளூரிலும் இருந்தான். நூறு மடங்கு விலையேற்றத்தின் முதல் படி நொய்யல் கரையிலேயே தொடங்கியிருக்கும்.

நொய்யலும் இந்தக் கணக்கில் ஒரு வரி. தமிழ்ப் பல்கலைக்கழக அகழாய்வு முடிந்த ஓரிரு ஆண்டுகளில், 1992இல், கொடுமணல் வட்டாரத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. பனியன் வெளிநாட்டுக்குப் போயிற்று. சாயம் இங்கே தங்கிற்று. மணி போய்ச் சில்லு தங்கிய அதே கரையில்.

6

இன்று தமிழ்ச் சூழலில் தொல்லியல் ஒரு பெருமிதக் கதையாடலாக ஆகியிருக்கிறது. கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்ட பிறகு பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் போய்ப் பார்க்கிறார்கள், நல்லதுதான். தில்லியின் வரலாறெழுதியலில் விளிம்பில் வைக்கப்பட்ட ஒரு மொழிக்கூட்டம் தன் பழமையைக் கேட்டு வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. கேள்வி வேறு. 'உலகோடு வணிகம் செய்த தமிழர்' என்கிற வாக்கியத்தில் எழுவாய் யார்? பானையில் கண்ணன் ஆதன் என்று பேர் எழுதி வைத்துக்கொண்டவரா? கல்லைத் தேய்த்துத் தேய்த்து விரல் தேய்ந்தவரா? தக்களி சுழற்றிய பெண்ணா? எல்லோரையும் 'தமிழர்' என்ற ஒரே பாவில் ஏற்றிவிட்டால் யாருக்கு எவ்வளவு கூலி என்று கேட்கிற வாய் அடைபடும். வீலர் ரோமின் பேரில் செய்ததை நாம் இனத்தின் பேரில் செய்துவிடக் கூடாது.

மாற்று என்ன என்று கேட்டால், பெரிய கோட்பாடு எதுவும் என்னிடம் இல்லை. செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்லலாம். அருங்காட்சியகத்தில் முடிந்த மணியைக் கண்ணாடிப் பெட்டியிலும் பிளந்த மணியைப் பொட்டலத்திலும் வைக்கிற வழக்கத்தை மாற்றச் சொல்லலாம். வெள்ளலூர்க் காசு இருக்கிற இடத்தில் கொடுமணலின் துளை விழாத கல்லையும் சேர்த்து வைத்து, இது அதற்காகச் செய்யப்பட்டது என்று தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லலாம். கொங்குநாட்டுப் பள்ளிகள் பிள்ளைகளைக் கொடுமணலுக்கு அழைத்துப்போகும்போது ஒரு தறிக்காரரையும், ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியையும், காங்கேயத்துக் கல் தெரிந்த ஒருவரையும் கூட அழைத்துப்போகலாம். கல்லைப் பார்த்ததும் எத்தனை நாள் வேலை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியும். அந்த நாட்கணக்கு எந்த அகழாய்வு அறிக்கையிலும் இல்லாதது.

அதோடு, நமக்கு அருகிலேயே இன்னொரு அகழாய்வு காத்திருக்கிறது. சோமனூர் பக்கம் கட்டுப்படியாகாமல் பழைய இரும்புக்குப் போடப்படுகிற தறிகள் ஒவ்வொன்றும் ஒரு சிதிலம். தறி போன குடோனில் கூலி நோட்டுகள் கிடக்கின்றன, எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எத்தனை மீட்டர், எத்தனை கூலி, எத்தனை பிடித்தம் என்று செய்தவன் கையாலேயே எழுதிய கணக்கு அது. முசிறி பாப்பிரஸில் இல்லாத பக்கம் அதில் இருக்கிறது. எழுதுகிறவர்களும் சங்கம் வைத்திருக்கிறவர்களும் இந்த வருஷமே அவற்றைச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். காயலாங்கடைக்காரர் கிலோவுக்கு என்ன தருகிறாரோ, அதைவிட ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் போதும்.